அரசுப் பள்ளி ஆசிரியர் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, தொண்டிப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அரசுப் பள்ளியில பத்தாம் வகுப்பு எடுக்கிறாங்களாம், 25 வருஷ சர்வீஸ். "சம்பளமில்லா லீவு போட்டுட்டு எம்.எல்.ஏ.வுக்கு நிக்கலாமாண்ணே? தோத்தா ஸ்கூலுக்கே திரும்பிரலாம்ல? முன்னாடி ஆசிரியர் தொகுதின்னு தனியா இருந்துச்சாமே?"

முடியாதும்மா. லீவுல இருந்தாலும் நீங்க அரசு ஊழியர்தான். ஆதாயம் தர்ற அரசுப் பதவியில இருக்கவங்க சட்டமன்ற உறுப்பினராக முடியாதுன்னு அரசியலமைப்புச் சட்டம் 191வது பிரிவு சொல்லுது. மனு பரிசீலனையிலேயே தள்ளிருவாங்க. வேலையை விட்டுட்டுத்தான் மனுப் போடணும். தோத்தா திரும்பிவர வழியில்ல.

ஆனா கோவத்துலயோ வேகத்துலயோ ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுத்துராதீங்க. ராஜினாமான்னா இத்தனை வருஷ சர்வீஸும் பென்ஷன் கணக்குல இருந்து போயிரும். உங்களுக்கு 20 வருஷம் தாண்டிருச்சு, வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு வாங்கலாம். அதுக்கு மூணு மாச நோட்டீஸ் கொடுக்கணும். சிக்கலே அங்கதான். 2021 தேர்தலையே பாருங்க. மார்ச் 12 மனுத்தாக்கல் ஆரம்பம், 19 கடைசி நாள். அப்ப முந்தின டிசம்பர் பாதியிலேயே நோட்டீஸ் போயிருக்கணும். கட்சிக்காரங்க சீட்டு யாருக்குன்னு சொல்றது மார்ச்லதான்! சீட்டு கிடைக்குமான்னு தெரியாமலே வேலையை விடணும். வீட்ல உக்காந்து பேசி முடிவெடுங்க. அந்த மூணு மாசமும் நீங்க அரசு ஊழியர்தான், கட்சிக் கூட்டம், கட்சித் துண்டு, பிரச்சார நோட்டீஸ் எதுவும் கூடாது. சுயேச்சையா நின்னா 10 பேர் முன்மொழியணும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு, பழங்குடியினருக்கு 5,000.

ஆசிரியர் தொகுதி இருந்தது உண்மை. அது எம்.எல்.ஏ.க்கள் உக்கார்ற சட்டமன்றத்துல இல்ல, அதுக்கு மேல தனியா இருந்த சட்ட மேலவையில. பன்னிரண்டுல ஒரு பங்கு இடம் ஆசிரியர்கள் ஓட்டுல வர்றது. நம்ம மாநிலத்துல 1986 நவம்பர் 1ஆம் தேதியோட மேலவையே போச்சு. கர்நாடகாவுல இன்னும் இருக்கு.

நானும் வாத்தியாரா இருந்தவன்ங்கறதால ஒண்ணு சொல்றேன், உங்க ஆசை சரியான ஆசை. ஒரு தடவை கடலோரப் பள்ளிக்கூடத்துல எனக்கு எலெக்‌ஷன் டூட்டி. ராத்திரி பெஞ்சைச் சேத்துப்போட்டுப் படுத்தோம், தலைமாட்டுல ஓட்டு மெஷின். காலையில ஏழு மணிக்கு கரையேறின கையோட, கைலியில ஈரம் சொட்டச் சொட்ட ஒருத்தர் வந்தார். விரல்ல மை வைக்கிறாங்க, வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டார். வலைக்கயிறு அறுத்த விரல், மை பட்டதும் எரியுது. நல்லா உத்துப் பார்த்தா, ஒன்பதாம் வகுப்போட நின்னுபோன என் மாணவன். "சார், நல்லாருக்கீங்களா?"ன்னு கேட்டான். மீன்பாடு இருக்கிற நாள்ல எந்தெந்தப் பெஞ்சு காலியாகும், எந்த வீட்டுப் பிள்ளை மறுபடி வராதுன்னு வருகைப் பதிவேட்டைத் தொடாமலே உங்களுக்குத் தெரியும். அது தெரிஞ்ச ஒருத்தர் சட்டமன்றத்துல உக்காரணும்மா.

இன்னொண்ணு. மார்ச்ல உங்க பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வரும். நோட்டீஸ் கொடுக்கிற அன்னைக்கே தலைமையாசிரியர்ட்ட பேசி, உங்க பாடத்தை யார் எடுக்கப்போறாங்கன்னு கேட்டு வச்சுக்குங்க.