டீயில் ஊறிய கோழி: இலை செய்வது எது, உப்பு செய்வது எது?

(காட்சி: வேகவைத்த முட்டை. கரண்டியின் பின்புறத்தால் ஓட்டை மெல்லத் தட்டும் கை.)

டீ என்றதும் நமக்குப் பாலும் சர்க்கரையும்தான் நினைவுக்கு வரும். சீனாவில் அதே இலை சோயா சாஸோடு சேர்ந்து அடுப்பேறுகிறது. முட்டையை வேகவைத்து, உரிக்காமல், ஓடு முழுக்க விரிசல் விடும்படி தட்டுவார்கள். அப்புறம் டீ இலை, சோயா சாஸ், அன்னாசிப்பூ, பட்டை போட்ட நீரில் சிறு தீயில் வைத்து, அதிலேயே பல மணி நேரம் ஊற விடுவார்கள். தெருக்கடைகளில் நாள் முழுக்க இந்தப் பாத்திரம் ஆவி பறக்க இருக்கும்.

(காட்சி: ஓடு உரிகிறது. வெள்ளைக்கருவில் பழுப்புக் கோடுகள்.)

பாருங்கள், சலவைக்கல் மாதிரி! விரிசல் விட்ட இடத்தில்தான் நிறம் அழுத்தமாகப் பிடித்திருக்கிறது. இப்போது குறுக்கே வெட்டுவோம். நிறம் ஓரத்தோடு நின்றுவிட்டது. டீ மேற்பரப்பில் வேலை செய்கிற பொருள். கோழியை ஊறவைக்கும்போதும் இதை மறக்கக் கூடாது.

(காட்சி: கண்ணாடிக் கிண்ணத்தில் பால் சேர்க்காத டீ.)

டீயில் ஊறினால் கறி பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டீயின் துவர்ப்புக்குக் காரணம் அதிலுள்ள டானின் வகைப் பொருட்கள். புரதத்தைப் பிடித்துக்கொள்வது அவற்றின் குணம். கடும் டீ குடித்தால் நாக்கு வறண்டு இழுப்பதும் அதனால்தான், எச்சிலில் உள்ள புரதத்தை அவை பிடித்துக்கொள்கின்றன. நம் ஊரில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினார்களே, அங்கும் வேலை செய்தது டானின்தான். தோலை இறுக்கிப் பதப்படுத்துகிற குணத்திடம் கறியை மென்மையாக்கச் சொல்வது சரியில்லை.

அப்படியானால் கறியைச் சாறோடு வைத்திருப்பது எது? உப்பு. அது மெல்ல உள்ளே இறங்கி, தசைப் புரதத்தைத் தளர்த்தி, வேகும்போது நீர் வெளியேறாமல் காக்கிறது. டீ தருவது நிறமும் மணமும். அது போதாதா? எனக்குப் போதும்.

(காட்சி: அடுப்பு. கொதி அடங்கிய நீரில் டீ இலை விழுகிறது.)

சரி, செய்து பார்ப்போம். ஒரு கிலோ கோழித்தொடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூன்று மேசைக்கரண்டி டீ இலை போட்டு நான்கு நிமிடம் மூடி வையுங்கள். பெரிய இலையாக இருந்தால் நல்லது; நீலகிரி இலை டீ அருமையாகப் பொருந்தும். டஸ்ட் டீ சீக்கிரம் கசந்துவிடும், அதைப் போட்டால் இரண்டு நிமிடம் போதும். இலையை வடிகட்டிய பிறகு 50 கிராம் உப்பு, 30 கிராம் வெல்லம், நசுக்கிய பூண்டு, இஞ்சி, மிளகு.

டீ முழுக்க ஆற வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பச்சைக் கோழி கிடந்தால் கிருமி வேகமாகப் பெருகும். ஆறிய டீயில் கோழியை மூழ்கவைத்து, ஃபிரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். ராத்திரி முழுக்க வைத்தால் உப்புக் கரித்துவிடும்.

(காட்சி: துணியால் துண்டுகளைத் துடைக்கும் கை.)

எடுத்ததும் ஈரம் போக நன்றாகத் துடையுங்கள். ஈரமாகப் போட்டால் கடாயில் வெந்துபோகும், சிவக்காது. வெல்லம் இருப்பதால் தீ மிதமாகவே இருக்கட்டும், இல்லையென்றால் மேலே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். மேற்கொண்டு உப்புப் போட வேண்டாம். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

(காட்சி: சிவந்த தோல், அருகில் நறுக்கிய வெங்காயம்.)

புகை மணம் பிடிக்கும் என்றால் லாப்சாங் சூச்சோங் வாங்குங்கள். சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் பைன் விறகுப் புகையில் உலர்த்திய டீ அது. மூன்று மேசைக்கரண்டியில் ஒன்றை மட்டும் அதற்குக் கொடுங்கள். விறகடுப்பில் சுட்ட கோழியின் வாசம் கேஸ் அடுப்பிலேயே வரும்.