ரோஜாச் செடியும் ஒரு மஞ்சள் பொடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அம்மா தன் ரோஜாச் செடியைப் பார்க்கக் கூப்பிட்டார். இலையெல்லாம் மாவு தூவினது போல வெள்ளை. சாம்பல் நோய். "கந்தகம் தூவிப் பத்து நாளாச்சு சார், போகவே மாட்டேங்குது" என்றார். டப்பாவை வாங்கிப் பார்த்தேன். நிறம் மஞ்சள்தான், ஆனால் அது கோலத்துக்கு வாங்கிய கலர்ப் பொடி. நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் கிடைக்கும், பொட்டலத்தில் பெயரும் இருக்காது. பாவம், அவர் மேல் என்ன தப்பு?

இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டேன். கலர்ப் பொடியை ஒரு சிட்டிகை போட்டதும் கல் மாவு அடியில் போய் உட்கார்ந்தது. சாயம் கரைந்து தண்ணீர் மஞ்சளாயிற்று. அடுத்த டம்ளரில் என் வீட்டுக் கந்தகத் தூள். கந்தகம் தண்ணீரைவிட இரண்டு மடங்கு கனம். ஆனாலும் தூள் நனையாமல் மேலேயே மிதந்தது. கரண்டியால் கலக்கியும் தண்ணீரில் துளி நிறம் ஏறவில்லை.

சாயம் கரையும், நூலுக்குள் இறங்கும். காவி போன்ற நிறமி கரையாது, பசையோடு சேர்ந்து சுவரில் ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் வேலை நிறம் கொடுப்பதுதான். கந்தகம் அப்படியில்லை, அது ஒரு தனிமம். மஞ்சள் அதன் மேனி நிறம், அவ்வளவுதான். திரவ நைட்ரஜனில் குளிர வைத்தால் அந்த மஞ்சளும் வெளுத்துவிடும்!

சூட்டில் வித்தியாசம் இன்னும் தெளிவு. மஞ்சள் காவியை வறுத்தால் அதிலுள்ள நீர் போய்ச் செங்காவி ஆகும். கந்தகமோ சுமார் 115 டிகிரியில் உருகும். பற்றிக்கொண்டால் நீலச் சுடர், கூடவே மூச்சை அடைக்கும் புகை. வீட்டில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

அதற்காகக் கலர்ப் பொடி நெருப்புக்குப் பயமில்லாதது என்று நினைக்காதீர்கள். 2015 ஜூனில் தைவானில் ஒரு கேளிக்கைப் பூங்காவில், சோள மாவில் செய்த வண்ணப் பொடியைக் கூட்டத்தின் மேல் தூவியபோது காற்றிலேயே தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 500 பேர் காயப்பட்டார்கள். கந்தகத் தூளும் காற்றில் பறந்தால் அப்படிப் பிடிக்கும்.

சரி, ரோஜாவுக்கு வருவோம். உரக்கடையில் 'நனையும் கந்தகம்' என்று கேளுங்கள். தண்ணீரோடு கலப்பதற்கான பொருள் அதில் சேர்த்திருக்கும். லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள்.

அந்த அம்மாவின் செடியில் இந்த வாரம் புதுத் தளிர் வந்திருக்கிறது. வெள்ளை இல்லை.