“எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்வதற்கு முன்னால்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். விசுவாசி என்றால் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், மனதில் கவலையே எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒரு பேச்சு நம்மிடையே ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பிலிப்பி சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதத்தில் வரும் பிலிப்பியர் 4:8 வசனம் பலருக்கும் மனப்பாடம். எவைகளைச் சிந்திக்க வேண்டும் என்று பவுல் வரிசையாகச் சொல்கிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. அந்த வரிசையில் முதலில் நிற்பது ‘உண்மையுள்ளவைகள்’. அன்பும் புகழும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இப்படிப் பாருங்கள். நெருங்கிய நண்பருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறீர்கள். நீல டிக் வந்துவிட்டது, பதில் இல்லை. ராத்திரி 11 மணிக்கு மனம் கதை கட்ட ஆரம்பிக்கிறது: கோபமாக இருக்கிறார், போன வாரம் நான் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொண்டார், இனி பேசவே மாட்டார். இதில் உறுதியாகத் தெரிந்தது என்ன? படித்தார், பதில் போடவில்லை. அவ்வளவுதான். மீதி எல்லாம் நாம் சேர்த்தது.

சரி, கவலைக்கு நிஜமாகவே காரணம் இருந்தால்? வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவருக்கு நோய். அப்போது வேதாகமத்தின் பாடல்களில் ஒன்றான 42-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். கண்ணீரே தனக்கு உணவாகிவிட்டது என்று பாடுகிறவர் மறைக்காமல் சொல்கிறார். ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ என்று தன்னையே கேட்கிறார். ‘தேவனை நோக்கிக் காத்திரு’ என்று தானே பதிலும் சொல்கிறார். இந்தக் கேள்வி 42-இல் இரண்டு முறை, 43-இல் இன்னொரு முறை வருகிறது. ஒரு தடவை சொன்னதும் கலக்கம் ஓடிவிடவில்லை பாருங்கள். அதனால்தான் எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்.

அப்புறம் எலியா தீர்க்கதரிசி. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்துவிட்டார். வந்த தேவதூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன, எழுந்து சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

இன்றைக்குத் தூங்கப் போகும் முன் 42, 43 இரண்டையும் சேர்த்து வாய்விட்டு வாசியுங்கள். ‘என் ஆத்துமாவே’ என்று வரும் இடத்தில் உங்கள் பெயரைப் போட்டும் பார்க்கலாம். அடுத்த வீடியோவில் 13-ஆம் சங்கீதத்தை எடுக்கலாம் என்றிருக்கிறேன். ‘எதுவரைக்கும்’ என்று கர்த்தரிடம் சண்டை போட்டே தொடங்குகிற சங்கீதம் அது.