ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது?

(தேசிய அறிவியல் நாளன்று ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர், தலைமையாசிரியை அம்மா அவர்களே, விதைப்பு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பந்தலும் போட்டுக் கொடுத்து, பேசுபவர் தலைக்கு மேல் மின்விசிறியும் மாட்டிக் கொடுத்த ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஐயா அவர்களே (ஐயா, தப்பு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்), வரவேற்புரையில் எனக்கு இல்லாத பட்டமெல்லாம் கொடுத்த தம்பி அவர்களே, பிளஸ் டூ தேர்வுக்குத் தயாராகும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'அறிவியல் துறைக்குப் போனால் லாபமா, நட்டமா?' என்பது தலைப்பு. மூன்று லாபம், மூன்று நட்டம் சொல்லப் போகிறேன்.

விண்ணப்பம் போடுகிற மாதத்தில் எல்லா வீட்டிலும் ஒரு பழமொழி கேட்கும்: ஆழம் தெரியாமல் காலை விடாதே. சரிதான். அதனால் ஆழத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நட்டம், காலம். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடத்தில் சேர்ந்தால் ஐந்து ஆண்டு. முனைவர் பட்டத்துக்கு இன்னொரு ஐந்து, ஆறு ஆண்டு. அதற்கு மேல் போஸ்ட்டாக், அதாவது பட்டம் வாங்கிய பிறகு செய்கிற தற்காலிக ஆய்வுப் பணி. கூடப் படித்தவன் வீட்டுக்கடன் கட்டத் தொடங்கியிருப்பான், நீங்கள் அப்போதும் 'ஸ்டூடண்ட்'. பெண் பிள்ளை என்றால் இந்த ஆண்டுகளை உறவினர்கள் வேறு கணக்கில் எண்ணுவார்கள்.

இரண்டாவது, பணம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மோசமில்லை. ஆனால் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று நம்பிச் சீட்டுப் போடாதீர்கள். சில சமயம் மூன்று நான்கு மாதம் சேர்ந்து வரும். மூன்றாவது, நிரந்தர வேலை. அதை அப்புறம் சொல்கிறேன்.

லாபத்துக்கு வருவோம். முதல் லாபம், நமக்குப் பிடித்த கேள்வியின் பின்னால் போகச் சம்பளம் தருகிறார்கள். இதற்கு ஒரு கதை சொன்னால்தான் விளங்கும்.

1888-இல் திருச்சிப் பக்கம் பிறந்த சி.வி. ராமன், 18 வயதில் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் வாங்கினார். 1907-இல் கல்கத்தாவில் பெரிய உத்தியோகம். அந்தக் காலத்து மாமனார்கள் தேடி அலைந்த மாப்பிள்ளை! ஒருநாள் டிராமில் போகிறார். பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை: அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியக் கழகம். உடனே இறங்கிவிட்டார். 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் ஊரெல்லாம் நன்கொடை திரட்டித் தொடங்கிய இடம் அது. கருவிகள் இருந்தன, தொடுவார் இல்லை. கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே என்ற ஊழியர். ஆஷு பாபு என்பார்கள்.

அப்புறம் தினமும் விடியற்காலையில் ஆய்வகம், பகலில் அலுவலகம், மாலையில் மறுபடியும் ஆய்வகம். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. அங்கே வீட்டிலேயே சோதனை செய்தார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தபோது சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஏற்றுக்கொண்டார். வத்திராயிருப்பைச் சேர்ந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன், ராமனோடு ஆய்வு செய்ய அந்தக் கழகத்திலேயே வந்து சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு, 1930-இல் நோபல். இது தெரிந்ததுதான். ஆனால் எல்லோரும் ராமனையே பாராட்டுகிறோமே, அன்றைக்குக் கதவைத் திறந்த ஆஷு பாபுவை யாராவது நினைத்துப் பார்த்தோமா? (கைதட்டல்)

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். கால் வைக்க இடம் கொடுக்காமல் ஆழம் எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். பல பள்ளிகளில் சோதனைக்குழாயைக் கையில் பிடிக்காமலே அது கிடைத்துவிடுகிறது, ரெக்கார்டு நோட்டு அழகாக இருந்தால் போதும். நைட்ரேட் உப்பில் பழுப்பு வளையம் தோன்றுவதைத் தன் சோதனைக்குழாயில் பார்த்த பிள்ளைக்கு வேதியியல் தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிந்தாலும் லாபம்தான், பத்து ஆண்டு மிச்சம். பார்க்காத பிள்ளை பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டு முடிவெடுக்கிறது.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. ஒருவர் ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு, குழாய் உடைந்தால் கணக்கும் எழுத வேண்டும் என்றால் ஆய்வகத்தைப் பூட்டத்தான் தோன்றும். அதனால்தான் ஆய்வக உதவியாளர் வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்கிறேன். உடைகிற கண்ணாடிக்குத் தனியே பணம் ஒதுக்குங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை உள்ளே விடுங்கள். எனக்குப் போட்ட இந்தப் பொன்னாடைக்கு ஒரு டஜன் சோதனைக்குழாய் வந்திருக்கும், விழாக்குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மற்ற இரண்டு லாபம், விட்டுப்போன நட்டம் எல்லாம் இருக்கின்றன. தேநீர் வந்துவிட்டதாகத் தம்பி சைகை காட்டுகிறார். வாசல் மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறோம். சனிக்கிழமை பிற்பகலில் இந்தப் பள்ளி ஆய்வகத்தைத் திறந்து வைக்க வேண்டும், அதற்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதியது. பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடியுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.