வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே அகலத் திரை: அங்குலத்தை விடுங்கள், உயரத்தைக் கேளுங்கள்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் கோவை நேயர் ஒருவர் அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைப் படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன்.

"ஐயா, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். பகல் முழுவதும் எக்செல்தான். இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் கார்ப் பந்தயமும் விமானம் ஓட்டும் விளையாட்டும். இப்போது இருப்பது 24 அங்குல சாதாரண மானிட்டர். 34 அங்குல அல்ட்ராவைட், அதாவது மிக அகலமான மானிட்டர், வாங்கலாமா, 49 அங்குலத்துக்கே போய்விடலாமா, இல்லை 27 அங்குலத்தில் இரண்டை வாங்கி அருகருகே வைக்கலாமா? தம்பியின் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவியையும் இதில்தான் இணைப்போம். என் மேசை நான்கடி அகலம், இரண்டடி ஆழம், சுவரை ஒட்டிக் கிடக்கிறது."

கடைசி வரியைக் கவனித்தீர்களா? மானிட்டர் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் விலை இருக்கும், நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்கிற ஹெர்ட்ஸ் இருக்கும், வளைவு இருக்கும். மேசையின் ஆழம் மட்டும் இருக்காது. இவர் அளந்து எழுதியிருக்கிறார். பாதி பதில் அந்த இரண்டடியிலேயே கிடைத்துவிடுகிறது.

நம் பழைய நேயர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். அங்குலத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. அகலத்தை நீட்ட நீட்ட அந்த எண் பெரிதாகிக்கொண்டே போகும், உயரம் அப்படியே நிற்கும். 34 அங்குல அல்ட்ராவைட் ஏறக்குறைய 80 செ.மீ. அகலம், 33 செ.மீ. உயரம். சாதாரண 27 அங்குல மானிட்டரின் உயரமும் 33 செ.மீ.தான், ஒரு நூல் கூடவே இருக்கும். 29 அங்குல அல்ட்ராவைட்டின் உயரம் சாதாரண 23 அங்குலத்தின் உயரம். கடையில் "இருபத்தொன்பது" என்று கேட்டவுடன் வீட்டிலுள்ள 24-ஐ விடப் பெரியது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து வைத்தால் பழையதைவிடக் குட்டையாக இருக்கிறது.

இதோ, என் பின்னால் சுவரில் நாளிதழ்த் தாள்களை ஒட்டி வைத்திருக்கிறேன். மேலே இருப்பது 80-க்கு 33, அதுதான் 34 அங்குலம். கீழே நீளமாக ஓடுகிறதே, அது 49 அங்குலம். 120 செ.மீ. அகலம், உயரம் அதே 33-தான். இப்போது நேயரின் மேசைக்கு வாருங்கள். நான்கடி என்றால் 122 செ.மீ. 49 அங்குலத்தை வைத்தால் மேசையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு சென்டிமீட்டர்தான் மிச்சம். தண்ணீர்க் குவளை வைக்கக்கூட இடம் இருக்காது. அதையாவது சமாளிக்கலாம், தூரத்தை எப்படிச் சமாளிப்பது? இரண்டடி ஆழ மேசையில் மானிட்டரின் காலுக்கு இடம் விட்டபின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 55 அல்லது 60 செ.மீ. தேறும். அந்தத் தூரத்தில் 120 செ.மீ. திரையின் ஓரத்தைப் பார்க்க நடுவிலிருந்து ஏறக்குறைய 45 பாகை திரும்ப வேண்டும். ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. பகல் முழுவதும் கணக்குப் பார்க்கிற ஒருவர் இடது ஓரத்தில் மின்னஞ்சலும் வலது ஓரத்தில் பேரேடும் வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். வேண்டாம். 27 அங்குலம் இரண்டு வைத்தாலும் இதே அகலம்தான் ஆகிறது. போதாததற்கு நட்டநடுவில் சட்டத்தின் கோடு வேறு வரும், கார்ப் பந்தயத்தில் பாதையின் மேலேயே. ஆகவே இந்த மேசைக்கு 34 அங்குலம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் எந்த 34? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று 2560 × 1080, மற்றது 3440 × 1440. அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல், அதாவது படப்புள்ளி, என்ற கணக்கு இது. முதலாவது விலை குறைவு. என் மைத்துனர் அதைத்தான் வாங்கினார். ஒரு அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வருகிறது. அவரிடம் இப்போது நேயரிடம் இருப்பது போன்ற 24 அங்குல மானிட்டர்தான் முன்பு இருந்தது, அதிலேயே 92 உண்டு. அதாவது பணம் கொடுத்துத் தெளிவைக் குறைத்துக்கொண்டார். சிறிய எழுத்தில் தமிழ் படிக்கும்போது இது பளிச்சென்று தெரியும். ண-வின் சுழியும் ன-வின் சுழியும் ஒன்றுபோலக் கலங்கித் தெரிகின்றன, மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதைக் கூடத்துக்கு மாற்றி கிரிக்கெட் பார்க்க வைத்தார். ஒளிபரப்பு வருவது 16-க்கு 9 என்ற சாதாரண விகிதத்தில், அதனால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை. இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்.

3440 × 1440-இல் அங்குலத்துக்கு 110 பிக்சல் கிடைக்கிறது. எழுத்துக் கூர்மையாக இருக்கும். அதோடு உயரம் என்று நான் கத்திக்கொண்டிருப்பதன் இன்னொரு பக்கம் இதுதான்: மேலிருந்து கீழாக 1080 பிக்சலுக்குப் பதில் 1440. எக்செலில் ஒரு வரிசை வழக்கமாக 20 பிக்சல் உயரம். 360 பிக்சல் கூடினால் உருட்டாமலேயே 18 வரிசைகள் கூடுதலாகத் தெரியும். கணக்குப் பார்ப்பவருக்கு அந்த 18 வரிசை எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கணக்குப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அகலம் தருகிற சுகமும் உண்டு, மறுக்கவில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதமும் ஒரே பார்வையில், பக்கத்திலேயே மின்னஞ்சல். விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள ஃபேன்சிஜோன்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். திரையை உங்கள் விருப்பப்படி மூன்று பாகமாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். நடுப்பாகத்தை அகலமாக விட்டு முக்கிய வேலையை அங்கே வையுங்கள்.

அடுத்து, திரையின் வகை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஓ.எல்.இ.டி. வாங்கட்டுமா என்று நேயர் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் கட்டாயம் காட்டுவார். 2022-இல் டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் 34 அங்குலத்தில் அதன் ஒரு வகையான கியூ.டி. ஓ.எல்.இ.டி. கொண்டுவந்ததிலிருந்து விளையாட்டுப் பிரியர்களுக்கு அதன் மேல் ஒரே மோகம். இருட்டான காட்சியில் அதற்கு ஈடு கிடையாது, உண்மை. ஆனால் அந்த முதல் தலைமுறைத் திரைகளில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் முக்கோணமாக அமைந்திருப்பதால் எழுத்துகளின் விளிம்பில் லேசாகப் பச்சையும் கருஞ்சிவப்பும் தெரியும். டியூப்லைட் வெளிச்சம் நேரே விழுந்தால் கறுப்பு சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். எக்செலின் கோடுகளும் கீழேயுள்ள பட்டையும் பகல் முழுக்க அசையாமல் நின்றால் தடம் பதியும் அபாயமும் உண்டு. எட்டு மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் விளையாட்டு. எட்டுக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னொளியில் இயங்கும் எல்.சி.டி. திரைகளில் ஒரு வகையான ஐ.பி.எஸ். எடுங்கள். அதன் இன்னொரு வகையான வி.ஏ.-யில் கறுப்பு இன்னும் ஆழமாக இருக்கும், ஆனால் மலிவான வி.ஏ. திரைகளில் இருண்ட காட்சி வேகமாக நகரும்போது பின்னால் ஒரு கறை இழுத்துக்கொண்டு வரும். இரவுப் பந்தயம் ஓட்டுபவருக்கு அது எரிச்சல்.

வளைவு பற்றி ஒரே வார்த்தை. 1800ஆர் என்றால் 1800 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும். அட்டவணையோடு வாழ்பவருக்கு 1800 போதும். 1000-இல் நேர்க்கோடுகள் வளைந்து தெரிவதாகச் சிலருக்குத் தோன்றும்.

கேபிள்கள் பற்றித் தனியாகவே பேசியிருக்கிறேன், ஆகவே இதற்கு வேண்டியது மட்டும். அலுவலக மடிக்கணினி பழையதாக இருந்து எச்.டி.எம்.ஐ. 1.4 துளை மட்டும் இருந்தால், இந்த மானிட்டரில் நொடிக்கு 50 முறைதான் படம் மாறும், சுட்டியை நகர்த்தினாலே தடுமாற்றம் தெரியும். எச்.டி.எம்.ஐ. 2.0 என்றால் சுமார் 100 வரை. விளையாட்டுக் கணினியை டிஸ்ப்ளே போர்ட் 1.4 வழியாக இணையுங்கள், 144 தாராளமாக வரும். மடிக்கணினியில் யு.எஸ்.பி. சி துளை இருந்தால் அது படத்தையும் அனுப்பக்கூடியதா என்று முதலில் பாருங்கள், எல்லாத் துளையும் அனுப்பாது. அனுப்பும் என்றால் 65 அல்லது 90 வாட் மின்சாரம் தருகிற யு.எஸ்.பி. சி-யும் கே.வி.எம். வசதியும் உள்ள மானிட்டராகப் பாருங்கள். காலையில் ஒரே கேபிள் செருகினால் படமும் வரும், சார்ஜும் ஏறும். மாலையில் கே.வி.எம். பொத்தானை அழுத்தினால் அதே விசைப்பலகையும் சுட்டியும் விளையாட்டுக் கணினிக்குப் போய்விடும். வேலையும் விளையாட்டும் ஒரே மேசையில் என்பவர்களுக்கு, ஹெர்ட்ஸுக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

விளையாட்டுக்கு வருகிறேன். உங்கள் பழைய திரை 1920 × 1080 என்றால் அதில் 21 லட்சம் பிக்சல். புதியதில் ஏறக்குறைய 50 லட்சம். கணினியில் படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு கிட்டத்தட்ட 2.4 மடங்கு உழைக்க வேண்டும். 3840 × 2160 பிக்சல் உள்ள 4கே திரையின் 83 லட்சத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனாலும் பழைய கார்டு திணறும். மானிட்டர் வாங்குகிற பட்ஜெட்டில் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 5, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் போன்றவை இந்த அகலத்தை முழுதாக நிரப்பும். விமானி இருக்கையில் இருந்து பக்கவாட்டு ஜன்னல் கண்ணின் ஓரத்தில் தெரிவது ஒரு தனி அனுபவம், அதற்காகவே இந்தத் திரை வாங்கலாம். எல்லாம் அப்படி இல்லை. 2022-இல் வந்த எல்டன் ரிங் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில்தான் ஓடும்.

தம்பியின் பிளேஸ்டேஷன் 5-உம் அப்படித்தான், 16-க்கு 9 மட்டுமே தரும். இடமும் வலமும் 440 பிக்சல் காலியாகக் கிடக்கும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நடுவில் தெரிவது சரியாக ஒரு 27 அங்குல மானிட்டர் அளவு. ஏன்? உயரம் அதேதான்! 2022 முதல் அந்தக் கருவி 1440-ஐயும் தருகிறது, அமைப்புகளில் அதைத் தேர்ந்தெடுங்கள். படம் பக்கவாட்டில் இழுபட்டு எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் மானிட்டரின் சொந்தப் பட்டியலில் விகிதத்தை மாற்றினால் போதும். ஒருவேளை வீட்டில் பிளேஸ்டேஷன்தான் முதன்மை, கணினி விளையாட்டு எப்போதாவதுதான் என்றால் என் பதிலே வேறு. அகலத் திரை வேண்டாம், 4கே-யில் 27 அல்லது 32 அங்குலம் எடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. நண்பர் ஒருவர் 49 அங்குலம் வைத்திருக்கிறார். பெரிய மேசை, அவருக்குப் பொருந்துகிறது. ஒருநாள் இணையவழிக் கூட்டத்தில் திரை முழுவதையும் பகிர்ந்திருக்கிறார். எதிரே இருந்தவர்கள் எல்லோரும் மடிக்கணினியில். 5120 பிக்சல் அகலம் அவர்களுடைய 1920-க்குள் சுருங்கியதில் படத்தின் உயரம் வெறும் 540. மடிக்கணினித் திரையில் பாதி. "எதுவுமே படிக்க முடியவில்லை" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்களாம். 34 அங்குலத்தில் இது 804 ஆக இருக்கும், அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் எழுத்து கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆகவே முழுத்திரையைப் பகிராதீர்கள். எக்செல் ஜன்னலை மட்டும் பகிருங்கள், அதையும் பாதித் திரை அகலத்துக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு.

இனி நான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் கேள்வி: வாங்கியபின் எங்கே, எப்படி வைப்பது? 34 அங்குலத்துக்குக் கண்ணிலிருந்து 70 முதல் 80 செ.மீ. தூரம் இருந்தால் ஓரங்கள் தாமாகவே பார்வைக்குள் வரும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். இருகுவியக் கண்ணாடி அணிபவர்கள் இன்னும் இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் முகவாயைத் தூக்கித் தூக்கியே பார்ப்பீர்கள். உயரத்தை மாற்ற முடியாத கால் உள்ள மானிட்டரை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் வளைந்த திரை அந்த வெளிச்சத்தை வாரி உங்கள் முகத்தில் போடும். ஜன்னல் பக்கவாட்டில் வருவதுபோல் மேசையைத் திருப்ப முடியுமா என்று பாருங்கள்.

கோவை நேயரின் இரண்டடி மேசைக்கு இந்தத் தூரம் கிடைக்க வழி உண்டு. மேசையைச் சுவரிலிருந்து அரையடி முன்னால் இழுத்துப் போடுங்கள். மானிட்டரைக் காலோடு வைக்காமல், மேசையின் பின் விளிம்பில் பிடிக்கிற, மடங்கி நீளும் மானிட்டர் கையில் (ஆர்ம்) மாட்டுங்கள். கையின் முழங்கை மடங்குவதற்கு அந்த அரையடி இடம் கொடுக்கும், திரையும் மேசையின் பின் விளிம்பு வரை போய்விடும். கை வாங்குமுன் மானிட்டரின் எடையைக் கால் இல்லாமல் எவ்வளவு என்று பார்த்து, அதைத் தாங்குகிற கையாக எடுங்கள். பின்புறம் 100 × 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். மேசைப் பலகை அழுத்திய மரத்தூளில் செய்ததாக இருந்தால் பிடியை இறுக்க இறுக்க அது உள்ளே அமிழ்ந்துவிடும். அடியிலும் மேலும் ஒரு இரும்புத் தகடு வைத்து இறுக்குங்கள். கண்ணாடி மேசையாக இருந்தால் பிடியை மாட்டவே மாட்டாதீர்கள், சுவரில் மாட்டும் கையை வாங்கிக்கொள்ளுங்கள்.