எலுமிச்சையைக் கீரையில் பிழியுங்கள்

(உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தில், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பேசியது)

அக்காமார்களே, தங்கைகளே, பின்னால் கைப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அதிகம் செலவில்லாமல், வீட்டுப் பொருட்களை வைத்தே முடியையும் தோலையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். பேச்சை எங்கே தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கண்மாய்க் கரையில் நிற்கும் உசிலை மரத்தைப் பார்த்ததும் அது தீர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்துக்கே பேர் தந்த மரம் அது. அதன் இலையைக் காயவைத்து, இடித்துச் சலித்தால் அரப்புப் பொடி. இங்கேயும் கொங்கு நாட்டுப் பக்கமும் தலைமுறை தலைமுறையாகத் தலைக்குத் தேய்த்தது அதைத்தான். இன்று அதையே அழகான டப்பாவில் அடைத்து விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். மரம் கரையிலேயே நிற்கிறது.

அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றும் எப்படி அழுக்கை எடுக்கின்றன? சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. அதன் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் தண்ணீரோடு சேரும். அதனால் தலையில் இருக்கிற பிசுக்கு தண்ணீரோடு கிளம்பி வந்துவிடுகிறது. சோப்பு செய்வதும் இதே வேலைதான். ஆனால் சோப்பு காரத்தன்மை கொண்டது, முடியைச் சொரசொரப்பாக்கிவிடும். சீயக்காய்க் கரைசல் இலேசான புளிப்புத்தன்மை உள்ளது. அரப்பு அவ்வளவாக நுரைக்காது, வழவழப்பாக இருக்கும். நுரை வரவில்லையே, அழுக்கு போயிருக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். நுரைக்கும் சுத்தத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் கிடையாது.

என் வீட்டுச் சீயக்காய்க் கணக்கைச் சொல்கிறேன். சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், அப்புறம் வீட்டில் காய்ந்த செம்பருத்திப் பூ, கறிவேப்பிலை கொஞ்சம். எல்லாவற்றையும் மொறுமொறுவென்று காயவிட்டு, சீயக்காய் அரைக்கிற மில்லில் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பொடி. ஒரு குளியலுக்கு 20 கிராம் போதும் என்றால் 75 குளியல் வரும். பயறு எதற்கு, வெந்தயம் எதற்கு? சீயக்காய் மட்டும் தேய்த்தால் முடி வறண்டு போகும். வெந்தயத்தின் கொழகொழப்பும் பயற்று மாவும் அந்த வறட்சியைக் குறைக்கும். பொடியைப் பச்சைத் தண்ணீரில் கரைக்காமல் வடிகஞ்சியில் கரைத்தார்களே நம் அம்மாக்கள், அதுவும் இதற்காகத்தான். வெதுவெதுப்பான கஞ்சியில் குழைத்தால் பொடி திப்பி திப்பியாக நிற்காமல் முடியெங்கும் பரவும். குக்கர் வந்த பிறகு வடிகஞ்சி போய்விட்டது. வாரத்தில் ஒரு நாளாவது சோற்றை வடியுங்கள்.

கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குத் தேய்க்கும்போது ரொம்பவே. எரிச்சல்தானே என்று விடக்கூடாது, கண்ணைப் புண்ணாக்கிவிடும். நல்ல தண்ணீரால் உடனே கழுவ வேண்டும்.

ஷாம்பு விஷம் என்று நான் சொல்லமாட்டேன். விடிகாலையில் நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ கிளம்புகிறவளுக்கு ஒரு சின்னப் பொட்டலம் ஷாம்பு எவ்வளவு பெரிய வசதி! பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த ஷாம்பு சின்னச் சின்னப் பாக்கெட்டில் ஏழை வீட்டுக்குள் வரக் காரணமானவரும் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான். நேரம் இருக்கிற நாளில் சீயக்காய், இல்லாத நாளில் ஷாம்பு. குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் முடியின் மேலே மட்டும் நிற்காமல் உள்ளேயும் இறங்குகிறது. 2003-ல் வெளியான ஒரு ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவினால் போதும். ஆனால் பொடுகு இருக்கிறவர்கள் தலையில் எண்ணெயை ஊறவைக்காதீர்கள். பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு எண்ணெயில் உள்ள கொழுப்புதான் சாப்பாடு.

சரி, முகத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு மனசு வலிக்கிறது, கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

கல்லூரியில் படிக்கும்போது, சித்தி மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், முகம் வெளுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு எலுமிச்சைச் சாற்றைக் கன்னத்தில் தடவிக்கொண்டேன். பந்தல் வேலை, வாசலில் வெயில், இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கன்னம் காந்தியது. இரண்டு மூன்று நாளில் கறுப்புத் திட்டு விழுந்தது. அது மறைய மாதக்கணக்கானது. கல்யாண போட்டோவில் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். காரணம் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எலுமிச்சையில் இருக்கிற சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடும், அது தீக்காயம் போன்றதுதான். சாற்றின் புளிப்பும் நம் தோலின் இயல்பான புளிப்பைவிடப் பல மடங்கு அதிகம். இன்றைக்கும் எந்தப் போனைத் திறந்தாலும் எலுமிச்சையைத் தேயுங்கள் என்கிறார்கள். தேய்க்காதீர்கள் பிள்ளைகளே. சமையல் சோடாவும் வேண்டாம்.

நலங்கு மாவு நல்ல பொருள். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ், நிஜமான கஸ்தூரி மஞ்சள். நிஜமான என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? கடையில் அந்தப் பெயரில் பளிச்சென்ற மஞ்சளாக விற்பது பெரும்பாலும் வேறு கிழங்கு. உண்மையான கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறம், கற்பூர வாசம், தேய்த்தால் ஒட்டாது. இன்னொன்று, நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்கு என்று கேட்டால் கார்போகரிசியும் சேர்த்துக் கட்டித் தருவார்கள். அது வெண்புள்ளிக்கு வைத்தியர் கண்காணிப்பில் கொடுக்கிற மருந்து. வெயில் பட்டால் தோலைக் கறுக்க வைப்பதுதான் அதன் வேலையே. காட்டில் களையெடுக்கிற நமக்குத் தினசரி மாவில் அது எதற்கு? எடுத்துவிடுங்கள்.

இந்த மாவு அழுக்கை எடுக்கும், தோலை மிருதுவாக வைக்கும். நிறத்தை மாற்றாது. எதுவும் மாற்றாது. நம் நிறம் இந்த வெயிலைத் தாங்குவதற்காக நம் உடம்பே செய்துகொண்ட குடை. நிறம் கூடும் என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தடவுகிற க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு என்ற மருந்து இருக்கும். ஒரு வாரம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பருவாக வெடிக்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். என்னிடம் படித்த எத்தனை பிள்ளைகள் இப்படி முகத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து அழுதிருக்கிறார்கள் தெரியுமா! இங்கே யாராவது போட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கே தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக முடி கொட்டுவது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். சீப்பில் கொத்தாக வருகிறது என்றால் எண்ணெயை மாற்றிப் பயனில்லை. என் மகளுக்கு ஒன்றரை வருடம் கரிசலாங்கண்ணி எண்ணெய், வெங்காயச் சாறு என்று என்னென்னமோ தேய்த்தேன். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 8. குறைந்தது 12 இருக்க வேண்டும். அறிவியல் சொல்லிக்கொடுத்த நானே ஒன்றரை வருடம் தாமதித்தேன் என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேருக்கு ரத்தத்தின் வழியாகத்தானே சாப்பாடு போகிறது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் காசு கிடையாது. அதோடு வேலியில் வளர்கிற முருங்கைக் கீரை. கீரையில் உள்ள இரும்பு உடம்பில் லேசில் சேராது. புளிப்பு சேர்ந்தால் நன்றாகச் சேரும். அதனால் அந்த எலுமிச்சையை முகத்தில் தேய்க்காமல் கீரையில் பிழியுங்கள், நெல்லிக்காய் கிடைத்தால் ஒன்று கடியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் போகட்டும்.

வாசலில் மேசைமேல் அரப்புப் பொடியும் நலங்கு மாவும் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன். அரைத்த தேதி எழுதியிருக்கிறது. ஈரக் கையைப் போடாமல் காய்ந்த கரண்டியால் எடுங்கள், தண்ணீரில் கரைத்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். முதலில் கொஞ்சம் குழைத்து முழங்கை மடிப்பில் தடவிக் கழுவிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லாவிட்டால் முகத்துக்குப் போடலாம். வீட்டுக்கு ஒரு பொட்டலம் வருகிற மாதிரி கட்டியிருக்கிறேன், கைப்பிள்ளைக்காரர்கள் முதலில் வாங்கிக்கொள்ளட்டும்.