கோப்பு எத்தனை நாள் தூங்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் ஆளுநருக்கு இருக்கிற அதிகாரத்துக்கு வரம்பு வேண்டுமா என்று பேசச் சொன்னார்கள். வேண்டும். அதை எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஒரு பழைய சம்பவம். 1960 மார்ச் 11. கடற்படை அதிகாரி நானாவதிக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதிக்கிறது. அன்றைக்கே ஆளுநர், தனக்கு இந்த அதிகாரத்தைத் தரும் அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவைக் காட்டி, மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கிறார். வாரண்டு நிறைவேறாமலே திரும்பி வந்தது. வழக்கு தன் முன்னால் இருக்கும்போது இப்படி நிறுத்திவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்த வருடமே சொல்லிவிட்டது.

ஆக, கடிவாளம் புதிதல்ல. ஆந்திராவில் ஒரு கொலை வழக்குக் கைதிக்குக் கொடுத்த தண்டனைக் குறைப்பை 2006-இல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் 'நல்ல காங்கிரஸ் தொண்டர்' என்று அதிகாரியின் அறிக்கையில் எழுதியிருந்தது. சிரிக்காதீர்கள், கோப்பில் அப்படித்தான் இருந்தது.

சரி, முடிவெடுப்பது யார்? அமைச்சரவைதான், ஆளுநர் அதன் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று 1980-இல் மாரு ராம் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. ராஜீவ் கொலை வழக்குக் கைதிகளின் கருணை மனுக்களை 1999-இல் தமிழக ஆளுநர் அமைச்சரவையைக் கேட்காமல் நிராகரித்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. 'முடியாது' என்று ஆளுநர் தன்னிச்சையாகச் சொல்ல வழியில்லை.

ஒன்றுமே சொல்லாமல் இருந்தால்? அங்கேதான் ஓட்டை. அதே ராஜீவ் வழக்கில் ஏழு பேரை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பர் 9-இல். ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது 2021 ஜனவரி கடைசியில். இரண்டு வருடம் நாலு மாதம்! அப்புறம் 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றமே முழு நீதி கிடைக்க எந்த உத்தரவும் போடலாம் என்கிற 142-ஆவது பிரிவைக் கையிலெடுத்து, அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளனை விடுவித்தது. கைதானபோது 19 வயது. வெளியே வந்தபோது 50.

நிராகரித்தால் நீதிமன்றம் போகலாம். மௌனத்தை எதிர்த்து எந்தத் தேதி போட்டு மனு எழுதுவது?

ஸ்ரீபெரும்புதூரில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களையும் நான் மறக்கவில்லை. விடுதலை சரியா தவறா என்பதில் அவர்களுக்கும் கேள்வி உண்டு; பதில் சொல்ல வேண்டியது அமைச்சரவை. ஏன் பரிந்துரைக்கிறோம் என்று காரணம் எழுதி வெளியிடட்டும். ஆந்திரக் கோப்பு போன்றவை அப்போது கூச்சப்பட்டாவது உள்ளே கிடக்கும்.

ஆளுநருக்கு மூன்று மாதம் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு தடவை, எழுத்தில், திருப்பி அனுப்பட்டும். அமைச்சரவை மறுபடி அனுப்பினால் கையெழுத்து. கோப்பு உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் கைதிக்கும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் கடிதமாகப் போக வேண்டும்.

மூன்று மாதம் என் கணக்கு. ஒரு மாதமே அதிகம் என்பவர்கள் இப்போது கேள்வி நேரத்தில் சண்டைக்கு வரலாம்.